அரியலூர்ப் பாறைகளின் வரிசை

புவியியலில் விசாரணைத் திறன் என்பது மாதிரிகளைச் சேகரிப்பதோடு முடிவதில்லை; எது எதன்மேல் கிடக்கிறது என்று கேட்பதில்தான் அது தொடங்குகிறது. அரியலூர் வட்டாரத்தின் ஆய்வு வரலாறு இதற்கு நல்ல சான்று. 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் பொறுக்கிய புதைபடிவங்களை லண்டனில் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து, 1846இல் அவை கிரெட்டேசியக் காலத்தவை என்றார். அது பெரிய முடிவு. ஆனால் அந்தப் புதைபடிவங்கள் கிடந்த அடுக்குகளின் வரிசை மேசையில் கிடைக்காது. புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு களத்தில் நடந்து வரைபடம் வரைந்து, 1862இல் வெளியான அறிக்கையில் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளைக் கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டினார். பின்னர் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிஸ்கா செய்த விரிவான புதைபடிவ ஆய்வுக்கும் அந்த வரிசை அடித்தளமாயிற்று.

பிளான்ஃபோர்டின் பிரிவுகள் பின்னர் திருத்தப்பட்டனவே, பிறகென்ன பெருமை என்று கேட்கலாம். உண்மைதான்; அவர் அரியலூர்த் தொகுதியில் சேர்த்த நின்னியூர்ப் படிவுகள் பிற்பாடு தனியே பிரிக்கப்பட்டன, கிரெட்டேசியத்துக்கும் பிந்தியவையாக. ஆனால் எந்த ஊர், எந்த அடுக்கு, எந்த உயிரினம் என்று அவர் எழுதிவைத்ததால்தான் பின்வந்தவர்கள் அதே இடத்துக்குப் போய்ச் சரிபார்க்க முடிந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு முதலில் பழக்க வேண்டியதும் இடம் குறிக்கும் இந்த ஒழுக்கமே. அதற்கு ஆய்வகம் தேவையில்லை, ஒரு குறிப்பேடும் ஓடைக்கரை வெட்டுமுகமும் போதும்.