வாலை எண்ணினால் போதாது
நீலகிரி ஓடைகளின் வரலாறு பெரும்பாலும் டிரவுட் மீனின் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதை இங்கே குடியேற்ற 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வென்றார், 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. ஆனால் மீன் நல்ல சாட்சியல்ல. குஞ்சுகளை டின்னில் கொண்டுவந்து விடலாமே! நீலகிரியின் பிக்கட்டி ஊரைச் சுற்றியுள்ள குந்தா ஓடைகள் எப்படி இருந்தன, எப்படி மாறின என்று சொல்லக்கூடியது, யாரும் கொண்டுவந்து விடாத ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவமே. குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த ஓட்டநீர் இல்லையென்றால் அது தங்காது.

அடையாளம் தப்பினால் சாட்சியமும் தப்பாகும். இரண்டு வால் என்றால் ஸ்டோன்ஃபிளை, மூன்று வால் என்றால் மேஃபிளை என்ற இன்னொரு ஓடைப்பூச்சி என்பது பழகிப்போன பாடம். அது பாதி உண்மை. மேஃபிளையிலும் இரண்டு வால் கொண்டவை உண்டு. காலைப் பாருங்கள்: ஸ்டோன்ஃபிளைக்கு ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகம், மேஃபிளைக்கு ஒன்றுதான். மேஃபிளையின் செவுள்கள் வயிற்றின் இருபுறமும் இருக்கும். பெர்லிடே குடும்பத்து ஸ்டோன்ஃபிளைக்கோ கால்கள் உடலோடு சேரும் இடத்தில் வெள்ளை நூல்கற்றையாகத் தொங்கும். மூச்சு முட்டினால் தண்டால் எடுப்பதுபோல் உடலை ஏற்றி இறக்கும்.

இளம்பருவத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாதே என்பார்கள். சரிதான், அதற்குப் பெரும்பாலும் வளர்ந்த ஆண்பூச்சி வேண்டும். ஆனால் நீரின் தரத்தை அறியக் குடும்பமே போதும்: பிரிட்டனில் 1970களில் உருவான மதிப்பெண் முறையில் பெர்லிடேவுக்கு முழுதாகப் பத்து. பூச்சியைத் தேடிப் புரட்டிய கல்லை, பார்த்தபின் இருந்தபடியே கவிழ்த்து வையுங்கள்.