யாக்கோபுக்கு ஏன் பயம்?

வெளியூரில் இருபது வருடம் இருந்துவிட்டு யாக்கோபு ஊர் திரும்புகிறான். அண்ணன் ஏசா 400 ஆட்களோடு எதிரே வருகிறான் என்று கேட்டதும் நடுங்கிப் போகிறான். துணையிருப்பதாகக் கடவுளே வாக்குக் கொடுத்த பிறகும் ஏன் பயம்? யூத ரபிகளைக் குடைந்த கேள்வி இது. தல்மூதின் பெராகோத் பகுதியில் ஒரு பதில் உண்டு: இடையில் தான் செய்த ஏதோ பாவம் அந்த வாக்கைக் கெடுத்திருக்குமோ என்று பயந்தானாம்.

நியாயம்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் யார்தான் கடவுளை நம்புவது? தப்பே செய்யாத ஆள் எங்கே இருக்கிறார்?

11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பகூடா வேறு பக்கத்திலிருந்து யோசித்தார். அவர் அரபியில் எழுதிய 'இதயத்தின் கடமைகள்' நூலை யூதா இப்னு திப்பன் 1161ல் எபிரேயத்துக்கு மாற்றத் தொடங்கினார். மொத்தம் பத்து வாயில்கள். நான்காவது முழுக்க 'பித்தாஹோன்' பற்றியது, அதாவது கடவுள்மேல் பாரத்தைப் போடுவது. ஒருவரை முழுதாக நம்ப வேண்டுமென்றால் அவரிடம் ஏழு குணங்கள் இருக்க வேண்டும் என்கிறார் பஹ்யா. (கடன் கொடுக்கும் முன் பேங்க்காரர் விசாரிப்பது மாதிரி!) ஏழாவது குணம்தான் முக்கியம்: தகுதி உள்ளவன், இல்லாதவன் என்று பார்க்காமல் கொடுக்கும் தாராளம். ஏழும் ஒருசேர இருப்பது கடவுளிடம் மட்டுமே. அப்படியானால் நம்பிக்கை நிற்பது நம்புகிறவனின் யோக்கியதையில் இல்லை.

அதற்காகப் பஹ்யா யாருக்கும் சலுகை தரவில்லை. கடவுள் சொன்னதை மீறிக்கொண்டே அவரை நம்புகிறேன் என்பவன் முட்டாள் என்று அதே வாயிலில் திட்டவும் செய்கிறார். 32ஆம் சங்கீதத்துக்கான மித்ராஷ் உரைக்கு அவரைவிடத் துணிச்சல் அதிகம். பொல்லாதவனே ஆனாலும், நம்பினால் அவனையும் கருணை சூழ்ந்துகொள்ளும் என்கிறது அது.