ஜெனீவாவில் வரைந்த கோடு

பழைய தேசப்படங்களில் வியட்நாமின் இடையை அறுத்துச் செல்லும் ஒரு கோட்டைக் காணலாம். 17ஆவது வட அகலக்கோட்டை ஒட்டி, பென் ஹாய் ஆற்றின் வழியே சென்ற அக்கோட்டை வியட்நாமிய மக்கள் தாமாக வரைந்துகொள்ளவில்லை. 1954 யூலையில், ஜெனீவா நகரில், வல்லரசுகள் கூடியிருந்த மேசையில் அது பிறந்தது. 2 ஆண்டுகளுக்கெனப் பேசப்பட்ட பிரிவினை 20 ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தது. அது நீங்குவதற்குள் பல இலட்சம் உயிர்கள் பலியாயின. அயலார் நடுநின்று செய்துவைக்கும் சமாதானம் நிலைக்குமா என்று வினவுவோர் இக்கோட்டின் கதையை முதலில் கற்றல் வேண்டும்.

1945 செப்டெம்பர் 2ஆம் நாள் ஹோ சி மின் ஹனோயில் சுதந்திரப் பிரகடனஞ் செய்தார். இழந்த குடியேற்ற நாட்டை மீளப் பெறப் பிரான்சு படையெடுத்தது. 8 ஆண்டுப் போரின் முடிவிலே, செலவின் பெரும்பகுதியை அமெரிக்கா தாங்கியும், பிரெஞ்சுப் படை தளர்ந்தது. 56 நாள் முற்றுகையின் பின் 1954 மே 7இல் டியன் பியன் பூ வீழ்ந்தது. மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனப் பேச்சு தொடங்கியது.

அம்மேசையைச் சுற்றி அமர்ந்தோர் யாவரும் சமாதானத்தையே பேசினர். ஆயின் ஒவ்வொருவர் வேண்டிய சமாதானமும் வெவ்வேறாக இருந்தது. பிரான்சு மானத்தோடு வெளியேற வழி தேடியது. யூலை 20க்குள் உடன்பாடு காணாவிடின் பதவி துறப்பதாகப் பிரதமர் மென்டெஸ் பிரான்சு சூளுரைத்திருந்தார். போர் பரவுமென பிரித்தானியா அஞ்சியது. அமெரிக்காவோ மனமின்றியே வந்திருந்தது. சோவியத் யூனியன் ஐரோப்பாவில் பதற்றந் தணிவதை விரும்பியது. கொரியப் போரிலிருந்து மீண்டு ஓராண்டே ஆன சீனா, தன் எல்லையருகே அமெரிக்கத் தளங்கள் தோன்றாமற் காப்பதைப் பெரிதெனக் கருதியது.

வியட்நாமின் பிரதிநிதி பாம் வான் டொங் 13ஆவது அகலக்கோட்டையும் 6 மாதத்தில் தேர்தலையுங் கோரினார். போர்க்களத்தில் வென்றவர் கேட்டது அதுவே. அவருக்குக் கிடைத்தது 17ஆவது கோடும் 2 ஆண்டுத் தவணையும். இவ்விட்டுக்கொடுப்புக்கு அவரை வற்புறுத்தியோர் பகைவர் மட்டுமல்லர். மொலோட்டோவும் சூ என்-லாயுமே. சோசலிச நாடுகளைப் பழிப்பதற்காக நாம் இதனைக் கூறவில்லை. நண்பனாயினும் நடுவனுக்குத் தன் நலன் உண்டு என்ற உண்மையை முற்போக்காளர் மறைப்பதாற் பயனில்லை.

இனி நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. ஜெனீவாவில் உருவானவை இருவகை ஆவணங்கள். வியட்நாமில் போரை நிறுத்தும் உடன்படிக்கையில் பிரெஞ்சுப் படைத்தலைமையும் வியட்நாம் மக்கள் படையும் ஒப்பமிட்டன. அது பெரும்பாலும் நிறைவேறியது. துப்பாக்கிகள் ஓய்ந்தன, இரு தரப்புப் படைகளும் கோட்டின் இருபுறமும் விலகின, 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்தனர், 1956இல் கடைசிப் பிரெஞ்சுப் படையும் வெளியேறியது.

மற்றையது இறுதிப் பிரகடனம். அக்கோடு தற்காலிகமானது, அரசியல் எல்லையன்று என்பதும், 1956 யூலையில் நாடு முழுவதும் தேர்தல் நடைபெறும் என்பதும் அதிலேதான் இருந்தன. அதில் எவருமே ஒப்பமிடவில்லை! அமெரிக்கா தன் கருத்தைத் தனியே அறிவித்து ஒதுங்கியது. பாவோ தாயின் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. ஓராண்டின் பின், தாம் ஒப்பமிடாத உடன்பாடு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று நோ தின் தியெம் கையை விரித்தார். போர்க்காலத்தில் தேர்தல் நடந்திருந்தால் மக்களில் நூற்றுக்கு 80 பேர் ஹோ சி மின்னையே ஆதரித்திருக்கக்கூடுமென ஐசன்ஹோவரே பின்னர் எழுதினார். தேர்தல் நடைபெறாததன் காரணத்தை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் தலைமையில் கனடாவும் போலந்தும் சேர்ந்த கண்காணிப்பு ஆணைக்குழு அறிக்கைகளை எழுதியது. எழுதுவதற்கு மேல் அதற்கு அதிகாரம் இருக்கவில்லை.

இவ்வரலாற்றில் எமது நாட்டுக்கும் ஓரிடமுண்டு. ஜெனீவா மகாநாடு தொடங்கி இரண்டு நாட்களில், 1954 ஏப்பிரல் 28இல், இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகியவற்றின் பிரதமர்கள் கொழும்பிற் கூடினர். அழைத்த சேர் ஜோன் கொத்தலாவலை இடதுசாரிகளின் நண்பர் அல்லர். ஆயினும், போர் உடன் நிற்றல் வேண்டும், பிரான்சு முழுச் சுதந்திரத்துக்கு உறுதி கூறல் வேண்டும், சம்பந்தப்பட்டோர் நேரடியாகப் பேசல் வேண்டும் என்று அம்மகாநாடு கூறியது. நோயின் மூலத்தை அக்கூற்று தொட்டது. ஆனால் கூறியோருக்கு ஜெனீவா மேசையில் ஆசனம் இருக்கவில்லை.

ஆகவே அயலார் நடுநிற்றலே வீண் என்று நாம் முடிவு கட்டலாமா? அவ்வாறன்று. பீரங்கி ஓய்ந்த ஒவ்வொரு நாளும் உழவனுக்கும் தாய்க்கும் கிடைத்த நாளேயாகும். போரை நிறுத்துவது அயலாரால் இயலும். ஆயின் எப்பிரச்சினைக்காகப் போர் மூண்டதோ அப்பிரச்சினையைத் தீர்ப்பது அவர்களால் இயல்வதன்று. அதனை ஒத்திவைத்து வரையும் கோடு அடுத்த போரின் தொடக்கக் கோடாகிவிடுகிறது.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இது தொலைவான பாடமன்று. 1987 யூலை 29இல் கொழும்பிற் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்திய, இலங்கை அரசுகளே ஒப்பமிட்டன; போரிட்ட இயக்கங்கள் ஒப்பமிடவில்லை. ஒக்டோபரில், சமாதானங் காக்க வந்த படையே போரில் இறங்கியது. 2002இல் நோர்வே நடுநின்ற வேளை போரிட்ட இரு தரப்பாருமே ஒப்பமிட்டனர்; ஆனால் ஒப்பமிட்டது போர்நிறுத்தத்துக்கே. அரசியற் தீர்வு பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2008இல் அந்த உடன்படிக்கையும் முறிந்தது. அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதை எமது மாணவர் பலர் தம் வீடுகளிலேயே அறிவர்.

எனவே, சமாதான ஒப்பந்தம் ஒன்றைப் படிக்கும் மாணவனுக்கு மூன்று வினாக்களை நாம் கற்பித்தல் வேண்டும். போரின் மூலப் பிரச்சினை இதில் தீர்க்கப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா? அதனால் வாழ்வு மாறப்போகும் மக்களின் குரல் இதில் உண்டா? வாக்குறுதி மீறப்படின் பொறுப்புக் கூறுவோர் யார்? இவற்றுக்கு விடையில்லாத ஒப்பந்தத்தை வரவேற்கலாம். ஆனால் அதன் நிழலில் உறங்கிவிடலாகாது. துப்பாக்கி ஓய்ந்திருக்கும் அச்சிறு பொழுதில், பகைத்து நின்ற மக்கள் தாமே கூடிப் பேசி எழுதவேண்டிய பகுதி எஞ்சியிருக்கிறது. அதனை எந்த வல்லரசும் அவர்களுக்காக எழுதித் தராது.