வாங்கின புத்தகம் யாரிடம் இருக்கிறது? இ-ரீடரின் கதை

போன எபிசோடைக் கேட்டுவிட்டு ஒருத்தர் எழுதியிருந்தார்: "இ-ரீடர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எதைப் பார்த்து வாங்கறது?" ஸ்கிரீன் எத்தனை இன்ச், பேட்டரி எத்தனை நாள், தண்ணி பட்டா தாங்குமா, இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். விளம்பரத்தில் இல்லாத ஒரு கேள்வி இருக்கு. அந்தக் கருவிக்குள்ள இருக்கிற புத்தகம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? இது புதுக் கேள்வி இல்லை. இ-ரீடர் பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது.

மின்னூல் என்ற விஷயம் கருவிக்கு ரொம்ப முந்தியது. 1971ஆம் வருஷம் ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றில் மைக்கேல் ஹார்ட் என்ற இளைஞர் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை டைப் அடித்து வைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதுதான் குட்டன்பர்க் திட்டத்தின் தொடக்கம். ஆனால் அதைக் கையில் வைத்துப் படிக்க ஒரு பொருள் வருவதற்கு இன்னும் 27 வருஷம் ஆனது.

1998இல் ராக்கெட் இ-புக் வந்தது. உருவாக்கியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்ட், மார்க் டார்பென்னிங். 2003இல் டெஸ்லா கம்பெனியை ஆரம்பித்தார்களே, அதே ரெண்டு பேர்தான்! ராக்கெட் அரைக் கிலோவுக்கு மேல் எடை. எல்சிடி திரை, பின்னாலிருந்து வெளிச்சம். பத்து நாவல் அளவுக்கு உள்ளே வைக்கலாம். அன்றைக்கு அது அதிசயம். ஆனால் ஒரு லேப்டாப்பை முறைத்துப் பார்த்துப் படிக்கிற மாதிரிதான் இருந்தது. 2000இல் ஜெம்ஸ்டார் என்ற நிறுவனம் ராக்கெட்டையும் அதன் போட்டியாளரான சாஃப்ட்புக்கையும் சேர்த்து வாங்கியது. 2003இல் இ-புக் வியாபாரத்தையே கைகழுவியது. கருவி கெட்டுப்போகவில்லை, கடை மூடிவிட்டது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்பத் திரும்ப வரும்.

அதே சமயத்தில் எம்ஐடியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜோசப் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவர்களும், கண்ணுக்கு வெளிச்சத்தை அடிக்காமல் காகிதம் மாதிரியே இருக்கும் திரை ஒன்றைச் செய்யப் பார்த்தார்கள். 1997இல் அதற்காகவே இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. சங்கதி இதுதான்: தலைமுடியின் தடிமன் அளவுக்குக் குட்டிக் குட்டிக் குமிழ்கள், லட்சக்கணக்கில். ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிவான ஒரு திரவம், அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், இன்னொன்றுக்கு எதிர் மின்னூட்டம். அடியில் மின்சாரம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், இன்னொன்று கீழே இறங்கும். மேலே வந்தது அங்கேயே நிற்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து அழியாது.

இ-ரீடரில் நாம் பார்க்கிற பாதி விஷயத்துக்குக் காரணம் இந்த ஒரு வரிதான். பேட்டரி ஏன் வாரக்கணக்கில் வருகிறது? பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேணும். சில பக்கத்துக்கு ஒருமுறை திரை கறுத்து வெளுக்கிறதே, அது ரிப்பேர் இல்லை. முந்தின பக்கத்தின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் துடைக்கத் துகள்களை மொத்தமாக மேலும் கீழும் ஓட்டுகிறார்கள். வெயிலில் உட்கார்ந்து படிக்க முடிவதும் இதனால்தான். திரையே வெளிச்சம் தருவதில்லை, மேலே விழும் வெளிச்சத்தைக் காகிதம் போலத் திருப்பி அனுப்புகிறது. 2012 வாக்கில் வந்த முன்விளக்குகூட ஓரத்திலிருந்து திரையின் மேல் வெளிச்சத்தைப் பரப்புகிறதே தவிர, கண்ணுக்கு நேராக அடிப்பதில்லை.

இந்தத் திரையோடு முதலில் கடைக்கு வந்தது சோனியின் லிப்ரியே. 2004 ஏப்ரல், ஜப்பானில் மட்டும். ஆறு இன்ச், நாலு சின்ன பென்சில் பேட்டரி. திரையைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் சோனி செய்த காரியத்தைக் கேளுங்க. அதற்காக விற்ற புத்தகங்கள் 60 நாளில் காலாவதியாகும்! 61ஆம் நாள் திறக்காது. மோர் பாக்கெட்டுக்குப் போடுகிற மாதிரி நாவலுக்குத் தேதி போட்டார்கள். அவ்வளவு அருமையான திரை வைத்திருந்தும் லிப்ரியே எடுபடவில்லை. தோற்றதற்குப் பல காரணம் சொல்வார்கள். என் கணக்கில் இந்த 60 நாள்தான் முதல் காரணம்.

2007 நவம்பர் 19, அமேசான் கிண்டில். விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. பார்க்க அழகாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கோணல்மாணலான வெள்ளைப் பெட்டி. ஜெயித்ததற்குக் காரணம் திரை இல்லை, சோனியிடமும் அதே திரைதான். சோனி ரீடருக்குப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வயர் போட்டு ஏற்ற வேண்டும். கிண்டிலுக்குள் செல்போன் இணைப்பு இருந்தது, மாதச் சந்தா கிடையாது. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஒரு நிமிஷத்தில் புத்தகம் வாங்கலாம்.

சரி, புத்தகம் அந்த வழியாக வரும் என்றால், அதே வழியாகத் திரும்பியும் போகும் இல்லையா?

போனது. 2009 ஜூலையில் அமெரிக்காவில் கிண்டில் வைத்திருந்த சிலர், காசு கொடுத்து வாங்கிய புத்தகம் காணாமல் போயிருப்பதைப் பார்த்தார்கள். பணம் திரும்பி வந்திருந்தது, புத்தகம் இல்லை. எந்தப் புத்தகம் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யும் '1984'ம். பழைய ஆவணங்களை அரசாங்கமே நெருப்பில் போட்டு அழிக்கிற கதை அது. கற்பனையாக ஒருத்தர் எழுதியிருந்தால் ரொம்ப மிகை என்று சொல்லியிருப்போம்.

நடந்தது இதுதான். ஆர்வெல் 1950இல் இறந்தார். அன்றைய ஆஸ்திரேலியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 வருஷத்தில் காப்புரிமை முடியும், ஆகவே அங்கே அந்த நூல்கள் பொதுச்சொத்து. அமெரிக்காவில் '1984'க்கு 2044 வரை காப்புரிமை உண்டு. அங்கே விற்க உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் கிண்டில் கடையில் அவற்றை ஏற்றிவிட்டார். அமேசானுக்கு விஷயம் தெரிந்ததும் விற்பனையை நிறுத்தியதோடு விடாமல், வாங்கியவர்களின் கருவிக்குள்ளேயே கைவிட்டு எடுத்தது. பள்ளிப் பாடத்துக்காக '1984'ஐப் படித்துக் குறிப்பு எழுதி வைத்திருந்த மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார். குறிப்புகள் எந்த வரியைப் பற்றியவை என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கின. ஜெஃப் பெசோஸ் நேரடியாக மன்னிப்புக் கேட்டார், வழக்கு ஒன்றரை லட்சம் டாலரில் சமரசமானது.

அமேசான் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் இ-புக் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் எல்லாப் புத்தகமும் அந்த ஜூலையில் திறக்காமல் போனது. முழுப் பணத்தையும் திருப்பித் தந்தார்கள், நேர்மைதான். ஆனால் ஒரு புத்தகக் கடை மூடினால் நம்ம வீட்டு அலமாரி காலியாகும் என்பதை எந்த வாசகரும் அதற்கு முன் யோசித்திருக்க மாட்டார். 2025 பிப்ரவரி 26 முதல் கிண்டில் புத்தகங்களை வலைத்தளத்திலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். தமிழில் மின்னூல் வேறு வழியில் வளர்ந்தது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகத்தின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். 2013இல் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் வந்தது. அந்தத் தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் "6 இன்ச் பிடிஎஃப்" என்று ஒரு கோப்பு இருக்கும், பார்த்திருப்பீங்க. பழைய கருவிகளில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அதனால் ஆறு இன்ச் திரைக்கு அளவெடுத்து, எழுத்தைப் படம்போலப் பதித்துக் கொடுத்தார்கள். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் அதிகாரபூர்வமாக வந்தது 2016 டிசம்பரில்தான். கல்கியின் எழுத்துகள் 1999இலேயே நாட்டுடைமையானதால், 'பொன்னியின் செல்வன்' கோப்பை யாரும் உங்க கருவியிலிருந்து சட்டம் பேசிப் பிடுங்க முடியாது.

இப்போ அந்த நண்பருக்கு. கடையில் முதலில் இதைக் கேளுங்க: என் கம்ப்யூட்டரிலிருந்து வயர் போட்டு ஒரு ஈபப் கோப்பை நேரடியாக ஏற்றினால் திறக்குமா? கோபோவில் திறக்கும். கிண்டிலில் அப்படியே திறக்காது, அமேசான் வழியாக அனுப்பி அவர்கள் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலும் கடையில் வாங்கித்தான் படிப்பேன் என்றால் கிண்டில் சுகமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொத்து என்று நினைக்காமல், நீண்ட கால வாடகை என்று நினைத்து வாங்குங்க. குறிப்புகளை அவ்வப்போது வெளியே எடுத்து வையுங்க.

ரெண்டாவது, ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல்கள்தான் உங்க வாசிப்பென்றால் ஆறு இன்ச் வேண்டவே வேண்டாம். டெம்மி சைஸ் பக்கம் அந்தத் திரையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சுருங்கும், எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். பத்து இன்ச் பக்கம் போங்க, விலை கூடத்தான். நாவலுக்கு ஆறு, ஏழு இன்ச் போதும், ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் தமிழ்ச் சுழிகள் தெளிவாக வரும். வாங்குவதற்கு முன்னாடி ஒரு தமிழ்க் கோப்பைக் கொண்டுபோய்த் திறந்து, "கொண்டு", "கௌரி" ரெண்டையும் தேடிப் பாருங்க. அதில் கொம்பு சரியாக நின்றால் மற்றதும் சரியாகத்தான் வரும்.