மதம் விட்டும் நீங்கா அச்சம்

ஒரு சமயக் கொள்கையைப் பொய்யென்று தெளிந்து கைவிட்ட பின்னும், அதன்பால் முன்னிருந்த அச்சம் நெஞ்சினின்றும் எளிதின் அகல்வதில்லை. அறிவு ஒரு பொழுதில் விடுவதனை உணர்வு பல்லாண்டு பற்றிக் கிடக்கும்.

சேலத்தைச் சார்ந்த பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் என்னும் பெயரால் வழிபடப்பட்டு வந்த உருவம் ஒன்றுண்டு. தொல்லியற்றுறையார் அதனை ஆய்ந்து, தியான முத்திரையோடமர்ந்து சுருண்ட மயிரும் நீண்ட காதும் உடைய புத்தர் படிமமே அது என்றனர். சென்னை உயர்நீதிமன்றமும் 2022-ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. முறிந்த தலை பிற்காலத்துச் சுண்ணமுஞ் சிமெண்டுங் கொண்டு ஒட்டப்பட்டதாம். பௌத்தத் துறவியரும் அவர்தம் நூலும் அந்நிலத்தை விட்டு நீங்கியும், படிமத்தை வெறுங்கல்லென்று கருத ஊரார்க்குத் துணிவு வந்திலது போலும். சேலம் நாமக்கற் சமவெளியில் முனியப்பன் என்றாற் கிடாவெட்டும் பொய்ச்சத்தியத்திற்கு நடுக்கமுமே நினைவிற்கு வரும். அமைதியே வடிவான உருவம் அவ்வரிசையிற் சேர்ந்தது வியப்பன்றோ!

இஃது ஓர் ஊரின் அச்சம். தனியொருவர் உள்ளத்து அது நிற்குமாற்றை 7-ஆம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறு காட்டும். பாடலியிற் சமணர் தலைவராய்த் தருமசேனர் எனப் பெயர் பெற்றிருந்த அவர், சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, பாயும் உறிகுண்டிகையும் பீலியும் ஒழித்துத் திருவதிகையிற் சைவரானார். நீற்றறைக்கும் நஞ்சிற்கும் யானைக்கும் கல்லொடு கடலிற் புகுதற்கும் சிறிதும் அஞ்சினாரல்லர். எனினும் திருப்பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்திலே, சமண் தொடர்பாற் பழிபட்ட உடம்பொடு உயிர்வாழத் தரியேன் என்று இரந்து, சூலக்குறியும் இடபக்குறியும் தோளிற் பொறிக்கப்பெற்றனர் எனச் சேக்கிழார் கூறுவர். பல்லவன் ஏவிய யானைக்கு அஞ்சாதவர் தம் உடம்பிற்கு அஞ்சினார்! இதனைப் பணிவென்று மட்டும் கூறி அமைதல் சாலாது.

இவ்வெச்சத்தைச் சித்தாந்த நூலார் வாசனாமலம் என்பர். பெருங்காயம் எடுத்தொழித்த பின்னும் பாண்டத்தில் நாற்றம் நிற்றல்போல்வது அது. நாற்றம் நிற்பதால் காயம் உளதென்று கொள்ளலாகாது; அவ்வாறே அச்சம் எஞ்சியிருத்தல் தெளிவு பிழையென்பதற்குச் சான்றாகாது. அப்பெண்ணாகடத்திலேயே பிறந்த மெய்கண்டதேவர், சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரத்தில் மலங்கழுவிய அறிவோர்க்கும் அடியாரிணக்கமும் ஆலய வழிபாடும் விதித்தமை நோக்கத்தக்கது. வாதம் அங்கே விதிக்கப்படவில்லை; நாடோறும் பயிலுந் தொழிலே விதிக்கப்பட்டது. நாவரசரும் திருப்புகலூரில் இறைவனடி சேருங்காறும் திருமுற்றத்துப் புல்லை உழவாரங்கொண்டு செதுக்கி வந்தனர்.