காலி வீதியும் கம்பியில்லா உணரிகளும் – ஒரு வரலாற்று நோக்கு

நகரத்தின் வீதிகளை மனித உடலின் குருதி நாளங்களுக்கு ஒப்பிடுதல் பழைய வழக்காகும். அவ்வுவமையை மேலும் நீட்டி நோக்கின், நாளங்களைப் பெற்ற நகரம் நரம்புகளையும் பெற்றுள்ளதா என்னும் வினா எழும். நோவு எங்கே உண்டாயிற்று என்பதை உடலின் மூளை நொடிப்பொழுதில் அறிகின்றது. நகரமோ தன் வீதியிற் பள்ளம் விழுந்ததையும் தன் காற்றில் நஞ்சு கலந்ததையும் நெடுநாள் கழித்தே அறிந்து வந்தது. இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்றே கம்பியில்லா உணரி வலையமைப்பு. வெள்ளவத்தைக்கு அண்மையிலேயே இம்முயற்சியின் ஒரு கிளை தோன்றி வளர்ந்தமை பலரும் அறியாத செய்தியாகும்.

கம்பியில்லாத் தொடர்பு கொழும்பு நகருக்குப் புதியதன்று. 1920களில் எட்வேட் ஹாப்பர் என்னும் தந்திப் பகுதிப் பொறியியலாளர் நிகழ்த்திய பரிசோதனைகளின் பயனாக, 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி ஒலிக்கத் தொடங்கியது. ஓரிடத்திற் பேசுவதைப் பல்லிடத்திலுள்ளோர் கேட்பது வானொலியின் இயல்பு. உணரி வலையமைப்போ இதற்கு நேர்மாறானது. பல்லிடங்களிலுள்ள சிறு கருவிகள் ‘பேசுவதை’ ஓரிடத்திலுள்ளோர் கேட்பது அதன் இயல்பாகும்.

இத்தகைய கருவி ஒவ்வொன்றும் நான்கு உறுப்புகளைக் கொண்டது: புறநிலையை அளக்கும் உணரி, அளந்ததை ஆராயும் சிறு கணிப்பான், செய்தியை அனுப்பும் வானொலிப் பகுதி, இவற்றை இயக்கும் மின்கலம். ஒரு கருவியின் செய்தி அடுத்ததற்கும், அதிலிருந்து மற்றொன்றுக்குமாகக் கைமாறி நிலையத்தை அடையும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்திற் கிறிஸ்தோபர் பிஸ்டர் முன்வைத்த ‘நுண்ணறிவுத் தூசி’ என்னும் கருத்து இத்துறைக்கு ஊக்கமளித்தது. 2002இல் மெய்ன் மாநிலத்தின் கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் கூடுகளை மனிதர் கலைக்காது கண்காணிக்க இவை வைக்கப்பட்டன. 2003இல் இவற்றின் வானொலித் தொடர்புக்கெனப் பொதுத் தரமொன்றும் வகுக்கப்பட்டது.

பறவைக் கூட்டிலிருந்து பெருநகர் வீதிக்கு இக்கருவி வந்தபோது புதிய இடர்கள் தோன்றின. மேலைநாடுகளில், வீதியின் கீழ்ப் பதித்த கம்பிச் சுருளினாலோ காந்த உணரியினாலோ வாகனங்களை எண்ணுவர். ஒழுங்கைக் கோடுகளுக்குள் வாகனங்கள் செல்லும் நாடுகளுக்கே அம்முறை ஏற்றது. பேருந்தும் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று நெருக்கிச் செல்லும் காலி வீதியில் அவ்வெண்ணிக்கை பிழைபடும். சென்னையிலும் இதே நிலைமை காணப்பட்டது. ஆகவே அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் லெலிதா வனஜாட்சி முதலிய ஆய்வாளர், வீதியை விடுத்துப் பேருந்தையே அளவுகருவியாகக் கொண்டனர். பேருந்துகளிற் பொருத்திய செய்மதி இடங்காட்டிகளின் தரவுகளைக் கொண்டு பயண நேரத்தை முன்கூட்டியே கணிக்கும் முறையை அவர்கள் 2009இல் வெளியிட்டனர்.

கொழும்பிலும் பேருந்தே ஆய்வின் ஊர்தியாயிற்று. 1958இல் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1979 முதல் தனியாருக்கும் திறந்துவிடப்பட்ட பேருந்துச் சேவை, இலங்கையின் ஏறத்தாழ எல்லாப் பெருவீதிகளையும் நாள்தோறும் அளந்து வருவது. பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்கப் பேருந்தும், மொறட்டுவையிலிருந்து வரும் 101ஆம் இலக்கப் பேருந்தும் வெள்ளவத்தையைக் கடந்தே புறக்கோட்டையை அடைகின்றன. இவ்வளத்தைப் பயன்கொள்ள எண்ணியவர்கள், றீட் அவெனியூவில் 2002இல் அமைந்த கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியைச் சேர்ந்த கசுன் டி சொய்சா, சமத் கெப்பிட்டியாகம முதலியோராவர். சூழல் மாசினை அளக்க அவர்கள் அமைத்த வலையமைப்பு ‘பஸ்நெற்’ எனப் பெயர்பெற்றது. அதன் விரிவாக, முடுக்கமானியையும் இடங்காட்டியையும் கொண்டு வீதி மேற்பரப்பின் நிலையை அறியும் முறையை 2007 ஓகஸ்ட் மாதம் ஜப்பானின் கியோட்டோ நகரில் நடைபெற்ற ஆய்வரங்கில் முன்வைத்தனர்.

இம்முறையின் சிறப்பு அதன் சிக்கனத்திலேயே தங்கியுள்ளது. வீதியெங்கும் கருவி நாட்ட வேண்டியதில்லை. பேருந்து தான் செல்லும் வழியிற் சேர்த்த தரவுகளைத் தரிப்பிடத்தை அடைந்தபின் ஒப்படைக்கலாம். வீதிப் பள்ளம் ஒருமணி நேரத்தில் மறைந்து விடுவதில்லையாதலின், செய்தி சற்றுத் தாமதித்து வருவதாற் குறையொன்றுமில்லை. ஒரே இடத்திற் பல பேருந்துகள் அதிர்வைப் பதிவு செய்யின், குற்றம் வண்டியினதன்று, வீதியினதே எனத் துணியலாம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஏழு வாடகைக் கார்களைக் கொண்டு செய்யப்பட்ட, பெரிதும் பேசப்பட்ட பள்ளங்காண் ஆய்வு 2008இலேயே வெளிவந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

போக்குவரத்தும் உடல்நலமும் வெவ்வேறு துறைகளெனத் தோன்றினும், வீதியோரத்தில் வாழ்வோர்க்கு அவை ஒன்றே. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. எனினும் 2022 டிசம்பர் 9ஆம் நாள், காற்றின் தரம் தாழ்ந்தமையாற் பாடசாலைகள் மூடப்பட்டன. நுண்துகள் எவ்வொழுங்கையில் மிகுந்துள்ளது, எவ்வேளையிற் குறைகின்றது என்பதை நகரிலுள்ள ஓரிரு நிலையங்களால் மட்டும் கூற இயலாது. ஈளைநோய் கொண்ட பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு வேண்டியது நகரின் சராசரியன்று; அப்பிள்ளை நடக்கும் வீதியின் அளவேயாகும்.

மருத்துவத் துறையில் இவ்வலையமைப்பு நோயாளியின் உடலையே அணுகியது. 2004ஆம் ஆண்டளவில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மற் வெல்ஷ் குழுவினர் உருவாக்கிய ‘கோட்புளூ’ திட்டம், நாடித்துடிப்பையும் குருதியின் ஒட்சிசன் செறிவையும் கம்பியின்றி மருத்துவருக்கு அறிவிக்க முற்பட்டது. இலங்கையில், இந்திய நன்கொடையுடன் 2016 ஜூலை மாதம் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கி, 2018 முதல் வடக்கிலும் விரிந்த 1990 ‘சுவசெரிய’ சேவை இங்கே நினைக்கத்தக்கது. வண்டிகளின் இருப்பிடத்தை அறிந்து, அண்மையிலுள்ளதை அனுப்புவதே அதன் அடிப்படை. ஆயின் அவ்வண்டி வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலை வைத்தியசாலைக்கோ தேசிய வைத்தியசாலைக்கோ செல்லும் வழி நெரிசலால் அடைபட்டிருப்பின், அறிந்தும் பயனில்லை. வண்டியை அறியும் கண்ணும் வீதியை அறியும் கண்ணும் ஒன்றுசேர வேண்டிய இடம் இதுவே.

இவ்வளர்ச்சிக்குத் தடைகளும் உள. மின்கலம் தீரும்; உப்புக் கடற்காற்றிற் கருவி பழுதாகும். மனிதரின் நடமாட்டமும் நோயும் தரவாகும்போது அந்தரங்கம் காக்கப்படல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதனை முன்னிட்டே எழுந்தது. இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. ஆராய்ச்சி ஆய்வுரையாக வெளிவருவது ஒன்று; அது வீதியைப் பேணுவோரினதும் நலம் காப்போரினதும் அன்றாடக் கடமையாவது வேறொன்று. நரம்பு நோவை உணர்த்தலாம். கையை அசைக்க வேண்டியது மூளையே. பேருந்து கண்ட பள்ளத்தை நிரப்பச் செல்லும் தொழிலாளியின் வருகையிலேயே இக்கல்வியின் பயன் நிறைவுறும்.