ஒரு சொல், இரு அளவுகள்: ‘கிராஃப்ட்’ என்னும் சொல்லும் ஆற்றல் கருத்தும்

இன்று வேறுபடுத்தப்படும் விசை, வேலை, ஆற்றல் ஆகியவை நெடுங்காலம் ஒரே சொல்லுள் கலந்திருந்தன. 1686-இல் லைப்னிட்ஸ், 1 பவுண்டை 4 முழமும் 4 பவுண்டை 1 முழமும் உயர்த்த ஒரே ‘விசை’ வேண்டும் எனக் கொண்டு, அது வேகத்திற்கன்று, வேகத்தின் வர்க்கத்திற்கே நேர்விகிதமாகும் என நிறுவி, டேக்கார்ட்டின் கொள்கையை மறுத்தார். பொருளின் நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அவ்வளவின் பாதியே இன்றைய இயக்க ஆற்றல். 1807-இல் தாமஸ் யங் ‘எனர்ஜி’ என்றும், 1829-இல் கொரியோலிஸ் ‘வேலை’ என்றும் பெயரிட்ட பின்னரும், 1847-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் நூல் தலைப்பில் ‘கிராஃப்ட்’ என்றே எழுதினார். அதனை ‘விசை அழியாமை’ எனப் பெயர்த்தல் பிழை. உராய்வற்ற நெம்புகோலில் சிறு விசை பெருவிசையாகிறது. வேலையின் அளவோ மாறுவதில்லை. எனவே, பழைய அறிவியல் நூல்களை மொழிபெயர்ப்போர் சொல்லுக்கு முன் அது சுட்டும் அளவை நோக்குதல் வேண்டும்.